கரை பார்த்துக் காசு கொடு!

காஞ்சியிலே காலையில் ரயிலேறினால் சென்னைக் கடற்கரையிலே இறங்கலாம். "கடற்கரை" என்று பலகை தாங்கிய வண்டி நமது நிலையத்திலேயே வந்து நிற்கிறது. அந்தப் பெயர் இப்போது ரயில் பலகையோடு நிற்கவில்லை. நெசவாளத் தெருவின் திண்ணைக்கும் வந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்திலே பாவு நீட்டும் தெருவிலே, தறிச் சத்தம் ஓய்ந்த மாலை வேளையிலே, ஒரு துண்டறிக்கை கைமாறுகிறது. "கடலோர மனை! கண்ணுக்கெட்டிய தூரம் கடல்! கொஞ்சம் முன்பணம், மீதி தவணை!" என்று அது கூவுகிறது. தறிக்குழியிலே காலம் கழித்த தகப்பன் அதைப் படிக்கிறார். ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலைக்குப் போகும் மகன் அதைப் படிக்கிறான். சீட்டுப் பணம் இவ்வளவு, வீட்டிலுள்ள நகை இவ்வளவு, வங்கிக் கடன் இவ்வளவு என்று கணக்கும் தொடங்கிவிடுகிறது.

சொந்த வீடு வேண்டும் என்ற ஆசையை நாம் பழிக்கவில்லை. பழிக்க எவருக்கும் உரிமையில்லை. மற்றவர்க்கு வீடு என்பது உறங்குமிடம். நெசவாளிக்கோ அது உழைக்குமிடமும்கூட. வாடகை வீட்டிலே தறிக்குழி தோண்டியவன், "காலி செய்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்கிறான். வீடு போனால் அவனுக்குத் தறியும் போகிறது. தறி போனால் கூலியும் போகிறது. அப்படிப்பட்டவன் தன் பிள்ளையாவது சொந்தக் கூரையின் கீழ் வாழட்டும் என்று எண்ணுவது பேராசை அல்ல, பிறப்புரிமை.

ஆகவே, வாங்கலாமா கூடாதா என்பதல்ல நமது கேள்வி. எந்தக் கரையிலே வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது? இதுவே கேள்வி.

"கரை" என்ற சொல்லைக் காஞ்சிக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. புடவையின் உடல் வேறு, கரை வேறு. மூன்று நாடா ஓட்டி, உடலையும் கரையையும் கோர்வை போட்டுப் பிணைப்பவன் அவன். உடல் கிழிந்தாலும் கரை விலகக்கூடாது என்பது அவன் தொழிலின் மானம். புடவையை வாங்க வருபவர் முகப்பைப் பார்த்து மயங்குவார். நெசவு தெரிந்தவனோ மறுபுறத்தைத் திருப்பிப் பார்ப்பான், கோர்வையை இழுத்துப் பார்ப்பான். புடவைக்குக் காட்டும் இந்தக் கவனத்தை, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் மனைக்குக் காட்ட வேண்டாமா? கடலின் கரை, கோர்வை போட்ட கரை அல்ல, தோழர்களே! அது நகரும் கரை. சில இடத்திலே வளரும், சில இடத்திலே தேயும்.

இதை நமக்கு முதலில் உணர்த்தியது நமது இலக்கியமே. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலைக் காப்பியம். இந்திர விழா எடுக்க மன்னன் மறந்தான், அதனால் கடல் பொங்கியது என்று அது காரணம் கூறுகிறது. விழா நின்றதால் கடல் வரும் என்பதை நாம் நம்பவில்லை. ஆனால் கடலோர நகரம் ஒன்று அழியக் கூடும் என்பதைத் தமிழன் அன்றே அறிந்திருந்தான் என்பதை மறுக்க முடியாது. அந்தக் காப்பியத்திலே மணிமேகலை கடைசியில் எங்கே வந்து சேர்கிறாள்? பசித்தவர்க்கு எங்கே சோறிடுகிறாள்? நமது காஞ்சியிலேதான்!

பல்லவ மன்னர்களையும் பாருங்கள். மாமல்லையைத் துறைமுகமாக வைத்துக் கொண்டவர்கள், தலைநகரத்தைக் காஞ்சியிலே வைத்துக் கொண்டார்கள். கப்பல் நிற்பது கடலோரம். அரண்மனை நிற்பது உள்நாடு. கடற்கரைக் கோயிலைக் கல்லாலே கட்டினார்கள். அந்தக் கல்லையே அலை அரிக்கத் தொடங்கி, பிற்காலத்திலே பாறைகளைக் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. மன்னன் கட்டிய கருங்கல்லுக்கே இந்தக் கதியென்றால், தவணையிலே கட்டும் செங்கல்லுக்கு எந்தக் கதி?

பழங்கதை போதும், கண்ணெதிரே நடந்ததைக் காண்போம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவிலே வீசிய புயல், தனுஷ்கோடியை ஊர் என்ற பட்டியலிலிருந்தே துடைத்தெறிந்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் விழுங்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையிலே வந்த ஆழிப்பேரலை, தமிழ்நாட்டிலே ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டு சென்றது; அவர்களிலே 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்து மக்கள். அலை ஏழை, பணக்காரன் என்று பார்க்கவில்லை. ஆனால் அலை எட்டும் இடத்திலே குடிசை போட்டிருந்தவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஏழையே!

அச்சமூட்டுவது நமது நோக்கமல்ல. கடலோரத்தில் இலட்சக்கணக்கானவர் வாழ்கிறார்கள். வாழட்டும், நன்றாக வாழட்டும். எல்லாக் கரையும் ஒரே கரை அல்ல என்பதே நாம் சொல்ல வந்தது. வடக்கேயிருந்து தெற்கு நோக்கி ஒரு முறை நடந்து பார்ப்போம்.

முதலில் திருவொற்றியூரும் எண்ணூரும். உழைப்பாளர் நிறைந்த பகுதி. விலையும் தென்சென்னையோடு ஒப்பிட்டால் தாழ்வு. 2021 பிப்ரவரியிலே மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. வேலைக்குப் போய்வர இது பெரிய வசதிதான். ஆனால் இந்தக் கரை தேயும் கரை. ஏன்? நமது கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களிலே சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டத் தொடங்கினார்கள். நகர்ந்து வந்த மணல் அந்தச் சுவரிலே முட்டித் தெற்கே தங்கிற்று, மெரினா அகன்றது. வடக்கே மணல் கிடைக்காமல் இராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் தேய்ந்தன. மெரினாவிலே நாம் காற்று வாங்கும் மணலின் ஒரு பகுதி, வடசென்னை மீனவன் பறிகொடுத்த மணல் என்பதை மறக்க வேண்டாம்! இன்று அங்கே கரை நெடுகிலும் கருங்கல் கொட்டிக் கடலைத் தடுத்து நிற்கிறார்கள். ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் அருகிலே. 2023 டிசம்பரிலே புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலே கசிவு ஏற்பட்டு மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். விலை மலிவு என்றால், எதனால் மலிவு என்று கேட்பவனே விவரமுள்ளவன்.

அடுத்து நடுக்கரை. பட்டினப்பாக்கத்திலே அலை வீட்டு வாசலைப் பிடுங்கிய காட்சியைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். அடையாற்றுக்குத் தெற்கே பெசன்ட் நகரிலே வீட்டுவசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. சம்பளக்காரனும் அங்கே கால் ஊன்ற முடிந்தது. இன்று அங்கே விலை கேட்டாலே நமக்குத் தலை சுற்றும். அதைப் பற்றிப் பேசி நேரம் போக்க வேண்டாம்.

பிறகு திருவான்மியூருக்குத் தெற்கே பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், கோவளம் என நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இங்கே தண்ணீர்தான் முதல் கேள்வி. இந்த மணற்பாங்கிலே மழைநீர் தேங்கிய நல்ல நீர், அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவாக இறைத்தால் ஊருக்கெல்லாம் கிடைக்கும். லாரி லாரியாக உறிஞ்சினால் உப்பு மேலேறும். ஒருமுறை உப்பான கிணறு எளிதில் இனிக்காது. கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி நிலையம் 2013இலே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவிலும், அதனருகே இரண்டாவது நிலையம் 2024இலே 15 கோடி லிட்டர் அளவிலும் தொடங்கப்பட்டன. நல்லதே! ஆனால் அந்தக் குழாய் நீங்கள் வாங்கும் மனையின் வாசல் வரை வருகிறதா என்று கேளுங்கள். "வரும், வரும்" என்பது தரகர் பேச்சு. வந்திருக்கிறதா என்பதே நமது பேச்சு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கடலை ஒட்டி வேண்டாம், ஒரு மைல் உள்ளே தள்ளி வாங்குகிறேன், ஆபத்தில்லை" என்று நினைப்பவர் பலர். இந்தக் கரையின் அமைப்பு அப்படிப்பட்டதல்ல. கடலோரம் மணல்மேடு, அது உயரம். மேட்டுக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாய், அது பள்ளம். அதற்கும் மேற்கே பள்ளிக்கரணைக் கழுவெளி. அது தண்ணீர் தங்கவென்றே அமைந்த இடம். சுற்றுப்புற ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே கூடி, ஒக்கியம் மடுவு வழியே கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். அந்த வழியிலே வீடு கட்டிவிட்டால், கடல் வராமலே வெள்ளம் வரும். 2015இலும் 2023இலும் டிசம்பர் மழையிலே அந்தப் பக்கத்து மக்கள் படகேறித் தப்பியதை நாடே பார்த்தது. அந்தக் கழுவெளி 2022இலே உலகளவில் காக்கப்பட வேண்டிய ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்குள் எவ்வளவோ இடம் கட்டடமாகிவிட்டது! முன்னால் கடல் இருப்பது கண்ணுக்குத் தெரியும். பின்னால் பள்ளம் இருப்பது மழை வந்தால்தான் தெரியும்.

கடைசியாக மாமல்லபுரத்துக்கு அப்பால். துண்டறிக்கைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் நம்மைத் தேடி வருகின்றன. 2019 நவம்பர் 29 வரை இந்தக் கரை நமது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தபோது கடலும் நம்மை விட்டுப் பிரிந்தது. பழைய பத்திரத்திலே "காஞ்சிபுரம் மாவட்டம்" என்றிருப்பதைக் காட்டி, "நம்ம ஊர்தானே அண்ணே!" என்பார் தரகர். மாவட்டத்தின் பெயர் மண்ணின் குணத்தை மாற்றாது. கல்பாக்கத்திலே 1984 முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது. அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் அளவுக்கு மக்கள் நெருக்கம் பெருகாதபடி கட்டுப்பாடு உண்டு. இதையும் துண்டறிக்கை சொல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது? கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991 பிப்ரவரியிலே வந்தது; 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. கடல் ஏறும்போது எட்டும் மேல்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் ஆட்சி. கிராமப்புறக் கரையிலே முதல் 200 மீட்டர் புதுக் கட்டடம் கூடாத பகுதி என்பது பழைய விதி. மக்கள் நெருக்கமுள்ள கிராமங்களிலே அந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்க 2019 விதி வழிவைத்தது. கோடு மாறியது காகிதத்திலே! அலைக்கு அந்த அறிவிக்கையை எவர் படித்துக் காட்டினார்? கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகத்துக்கும் முகத்துவாரத்துக்கும்கூட இந்த விதி உண்டு. கடல் கண்ணில் படாத மனைக்கும் கடல் விதி உண்டு என்று பொருள்.

"பத்திரம் பதிவாகிவிட்டதே!" என்பார்கள். பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது. மனைக்கு நற்சான்று வழங்குவதில்லை. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகள் பெருகியதைக் கண்டு 2016 செப்டம்பரிலே சென்னை உயர்நீதிமன்றம் அவற்றின் பதிவுக்கே தடை விதித்தது நினைவிருக்கும். அதன்பின் 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த விதி வந்தது. அந்த நாட்களிலே, முன்பணம் கட்டிப் பதிவுக்குக் காத்திருந்தவர்களிலே நம்மவர் எத்தனை பேர்! மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், மனைப்பிரிவின் அங்கீகார எண், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவானால் கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவெண், இவை அனைத்தும் கையில் வரும் வரை காசு கையை விட்டுப் போகக் கூடாது.

காசு என்றதும் கணக்கையும் பார்த்துவிடுவோம். 30 இலட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறத்தாழ 27,000 ரூபாய். இருபது ஆண்டு முடிவிலே கட்டியிருப்பது ஏறத்தாழ 65 இலட்சம்! 30 இலட்சத்துக்குப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், 2 இலட்சத்து 70 ஆயிரம் தனி. கடலின் உப்புக் காற்றோ வட்டி தள்ளுபடி செய்யாது. கம்பியைத் துருவாக்கிக் காரையைப் பிளக்கும். கடன் தீரும் நாளிலே வீடு நிற்க வேண்டுமே! உள்நாட்டிலே கட்டுவதைவிடக் கம்பிக்கு மேல் கனமான காரைப் பூச்சும், உப்பற்ற மணலும், உப்பற்ற நீரும் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடாதவன், கூலி தெரியாமல் பாவு ஏற்றியவன் போன்றவன்.

கணக்கிலே சேராத ஒன்றும் உண்டு. அது நியாயம். கடலோர நிலம் வெற்று நிலமல்ல. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் இடம் என்று மீனவன் தலைமுறை தலைமுறையாக ஆண்டு வரும் பொது இடம் அது. அவன் கையிலே பட்டா இல்லை என்பதனால் "புறம்போக்கு" என்று எழுதினார்கள். அந்தப் புறம்போக்கின் மேல் கண் வைத்துச் சுற்றுச்சுவர் எழுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. கடலிலே பிழைப்பவனைக் கடல் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, கடல் தெரிகிறது என்று மற்றவனுக்கு மனை விற்பது என்ன நீதி? தறிக்குழி பறிபோனால் நெசவாளிக்கு எப்படியோ, படகேற்றும் இடம் பறிபோனால் மீனவனுக்கு அப்படி. ஓர் உழைப்பாளியின் வீட்டுக்கனவு இன்னோர் உழைப்பாளியின் தொழிற்களத்தின் மீது எழக்கூடாது.

தனிமனிதன் எவ்வளவுதான் விழிப்பாயிருந்தாலும் போதாது. ஆள்வோருக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. கடல் ஏறும் மேல்கோட்டைக் கணினி வரைபடத்திலே வைத்திருந்தால் மட்டும் ஆகாது. கடலோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் கல் நட்டுக் காட்டுங்கள். வில்லங்கச் சான்றிலே கடனும் அடமானமும் தெரிவது போல, அந்த மனை கடலோர மண்டலத்திலே வருகிறதா, வெள்ளம் தேங்கும் பகுதியா என்பதும் தெரியட்டும். குப்பத்தின் பொது இடங்களை அளந்து, குப்பத்தின் பெயரிலேயே பதியுங்கள். தொழிற்சாலை இருக்கும் இடத்தருகே, மேட்டு நிலத்திலே, தொழிலாளிக்கு வாரிய வீடு கட்டுங்கள். வேலைக்குப் பக்கத்திலே நல்ல வீடு கிடைத்தால், நெசவாளி மகன் ஏன் துண்டறிக்கையை நம்பிக் கடலோரம் போகிறான்?

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலே ஒருவர் மனை வாங்கப் போகிறார் என்றால், அவரைத் தனியே அனுப்பாதீர்கள். பத்திரம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடப் போங்கள். தரகர் வண்டி அனுப்பும் மாசி, பங்குனியிலே போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே போங்கள். மனையைப் பார்க்கும் முன் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கறை அதிலே எழுதியிருக்கும். கிணற்று நீரை வாயிலே ஊற்றிப் பாருங்கள். குப்பத்துப் பெரியவரிடம், "ஐயா, உங்கள் தகப்பனார் காலத்திலே அலை எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அவர் கைநீட்டிக் காட்டும் இடம் இன்று கடலுக்குள் இருந்தால், வந்த வழியே திரும்பி விடுங்கள். போன முன்பணம் போகட்டும்!

உள்ளூரிலே வாங்குவோருக்கும் இதுவே பாடம். வேகவதிக் கரையை நெருக்கி எழுந்த வீடுகளை வெள்ளம் சூழ்ந்ததை நாம் பார்த்தவர்கள். ஏரியின் உள்வாயிலே மனை பிரித்தால், காஞ்சியும் கடலோரம்தான்.

நாடா ஓட்டி, இழை சேர்த்து, இரவும் பகலும் உழைத்துச் சேர்த்த காசு இது. அந்தக் காசிலே எழும் வீடு, பேரப்பிள்ளை காலத்திலும் நிற்க வேண்டும். புடவையை மறுபுறம் திருப்பிப் பார்க்கும் கண், மனையையும் மறுபுறம் திருப்பிப் பார்க்கட்டும். கோர்வை உறுதியா என்று இழுத்துப் பார்த்த பிறகே, கரைக்குக் காசு கொடு!